மோப்பத்தாரும் பன்னிரண்டு பாட்டுகளும்

இத்தாலியின் பலெர்மோவில் இருக்கிற தமிழர்களில் பாதிப் பேரை மோப்பத்தார் சந்தேகப்பட்டிருக்கிறார். மற்றப் பாதிப் பேரை அவர் இன்னும் சந்திக்கவில்லை.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது குவெஸ்தூராவில், வெளிநாட்டவரின் பத்திரங்களைப் பார்க்கிற பொலிஸ் கந்தோரில், ஏதோவொரு கோப்புக்குள் கிடந்தது. எங்களுக்கு அவர் மோப்பத்தார். முன்னால் நின்றால் 'அண்ணை'. எந்தப் பொருளையும் மூக்கருகே கொண்டுபோய் ஒரு தடவை மணந்து பார்க்காமல் அவர் ஏற்றுக்கொண்டதில்லை. பாண், மீன், பால் என்றால் சரி. அவர் பஸ் டிக்கெட்டையும் மணப்பார். வீட்டுக்குப் புதிதாக வந்தவன் கை கொடுத்தால் நன்றாகக் குலுக்கிவிட்டு, அவன் திரும்பியதும் தன் உள்ளங்கையை மணப்பார். நான் வந்த அன்றும் அப்படித்தான் செய்தார். என்ன முடிவுக்கு வந்தார் என்று சொல்லவில்லை.

கபோ சந்தைக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய தெருவில், நாலாம் மாடியில், மூன்று அறைகளில் நாங்கள் ஏழு ஆண்கள் இருந்தோம். ஒருவன் ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவுவான், ஒருவன் வீடு துடைப்பான். நான் ஒரு வயதானவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். மோப்பத்தார் பன்னிரண்டு கட்டடங்களின் படிகளைக் கழுவுகிறவர். மனிதர்கள் ஏறி இறங்கிய அடையாளத்தைத் தினமும் குனிந்து பார்க்கிற வேலை அவருக்கு நல்ல பொருத்தம்.

குளிர்சாதனப் பெட்டிக்குள் அவருடைய பால் போத்தலில் பேனையால் ஒரு கோடு இருக்கும். எண்ணெய்ப் போத்தலில் ஒரு கோடு. ஷாம்பூவில் ஒரு கோடு. ஒரு மார்கழியில் அவருடைய தேங்காய் எண்ணெய் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. மூன்று நாள் விசாரணை நடந்தது. ஒவ்வொருவரின் தலையையும் தனித்தனியாக மணந்து பார்த்தார். நாலாம் நாள் கொஞ்சம் வெயில் எறித்தது. குளிரில் உறைந்து இறங்கியிருந்த எண்ணெய் உருகித் தானாகக் கோட்டுக்கு ஏறி வந்து நின்றது. எங்களிடம் மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் போத்தலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பயத்திலை திருப்பி ஊத்திப்போட்டாங்கள்" என்றார்.

ஒருமுறை மலைமேல் இருக்கிற புனிதையின் கோவிலுக்கு எங்களோடு நடந்து வந்து மெழுகுதிரி கொளுத்தினார். நாங்கள் கும்பிட்டுவிட்டு இறங்க, அவர் மட்டும் அங்கேயே நின்றார். ஆட்கள் போனபிறகு திரியை அணைத்துத் திரும்ப விற்க எடுத்து வைக்கிறார்களோ என்று பார்க்க வேண்டுமாம். திரி எரிந்து முடியும்வரை நின்றார். ஒருவரும் அணைக்கவில்லை. "அதுதான் எனக்கு விளங்கேல்லை" என்று வருகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

இப்படிப்பட்ட மனிதரின் பெயரில்தான் எங்கள் வீடு இருந்தது. வீட்டு ஒப்பந்தம் அவர் பெயரில், கரண்ட் அவர் பெயரில், காஸ் அவர் பெயரில், இன்டர்நெட்டும் அவர் பெயரில். எங்கள் ஆட்கள் சேர்ந்திருக்கிற வீடுகளில் இது வழக்கம்தான். நல்ல பத்திரம் உள்ள ஒருவர் கையெழுத்து வைப்பார், மற்றவர்கள் அவருக்குக் கீழே இருப்பார்கள். மற்ற வீடுகளில் எல்லாரும் நம்புகிற ஒருவர் அந்த ஆளாக இருப்பார். எங்கள் வீட்டில் ஒருவரையும் நம்பாதவர் அந்த ஆளாக இருந்தார். வேறு யாருடைய பெயரிலும் எதையும் விட அவருக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஒரு பெரிய சட்டியில் மீன்குழம்பு வைப்பார். அதை ஆறு கிண்ணங்களில் ஊற்றி ஆளுக்கொன்று தருவார். கிண்ணங்களின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் இலக்கம் போட்டிருக்கும். மற்ற ஐந்து பேரும் சாப்பிட்டுவிட்டு, கழுவி, வெறும் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். எனக்கு அது முடியாது. ஒருவர் தந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க எனக்குக் கை கூசும். சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லாத நாளிலும் ஒரு பிடி உப்பாவது போட்டுத்தான் அனுப்புவார்கள். ஆகவே நான் இரண்டு முட்டையோ, நாலு தக்காளியோ வைத்துக் கொடுப்பேன்.

அவர் முட்டையை மணப்பார். "இதென்ன, லஞ்சமோ?"

"இல்லை அண்ணை. சும்மா."

"சும்மா ஆரும் முட்டை குடுப்பாங்களோ? நீ ஒண்டு வைச்சுத் தந்தா நான் ஒண்டு வைச்சுத் தரவேணும். பிறகு நீ தருவாய். இது எங்கை போய் முடியிறது?"

அவர் தன் வாழ்நாளில் யாருடைய பாத்திரத்திலும் எதையும் வைத்துத் திருப்பிக் கொடுத்ததில்லை. கழுவி, துடைத்து, மணந்து பார்த்து, வெறுமையாகக் கொடுப்பார்.

இனிப் பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். அதைச் செய்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் காலத்தில் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் போனேன்.

நான் பார்த்துக்கொண்ட கிழவர் கபோவில் மீன் விற்றவர். மகளின் பெயரே அவருக்கு மறந்துவிட்டது. சவரக்கத்தியைக் கண்டால் கத்துவார். ஒருநாள் பக்கத்து வீட்டு ரேடியோவில் ஒரு பழைய பாட்டுக்காரரின் பாட்டுப் போனது. கிழவர் கத்துவதை நிறுத்திவிட்டு, கதிரையில் நிமிர்ந்து, நாடியை மேலே தூக்கினார். நான் அந்த மூன்று நிமிடத்துக்குள் ஒரு பக்கக் கன்னத்தை வழித்து முடித்தேன். பாட்டு முடிந்ததும் மறுபடி கத்தினார். அன்றைக்குப் பாதித் தாடியோடுதான் இருந்தார்.

அந்தப் பாட்டுக்காரரின் பாட்டுகள் எனக்கு வேண்டியிருந்தன. கிழவரின் வீட்டுச் சுவர் இரண்டடி தடிப்பு. உள்ளே போனால் போனில் சிக்னல் செத்துவிடும். ஆகவே பாட்டுகளைப் போனுக்குள்ளே வைத்துக்கொண்டு போக வேண்டும். எங்கள் வீட்டில் ரஜீவன் என்று ஒருவன் இருந்தான். மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவுகிறவன். உலகத்தில் உள்ள எல்லாப் படமும் பாட்டும் அவனுக்கு இனாமாக வரும். அவன் எல்லாருக்கும் பொதுவாகக் கிடந்த பழைய லப்டொப்பில் எனக்கு அந்த வேலையைக் காட்டித் தந்தான்.

"இது கடையிலையிருந்து வாறேல்லை அண்ணை. எங்கையோ இருக்கிற ஆக்களின்ரை கொம்பியூட்டரிலையிருந்து கொஞ்சம் கொஞ்சமா வரும். வந்து முடிஞ்ச உடனை மூடிப்போடுங்கோ. இல்லாட்டி உங்களிட்டையிருந்து மற்றவை எடுத்துக்கொண்டிருப்பினம்."

பன்னிரண்டு பாட்டுகளும் ஒரு மாலைக்குள் வந்து சேர்ந்தன. மூடுவதற்குக் கையை வைத்தேன். கூசியது. எங்கோ இருக்கிற, முகம் தெரியாத ஆட்கள் எனக்குப் பன்னிரண்டு பாட்டுத் தந்திருக்கிறார்கள். எடுத்துக்கொண்டு கதவைச் சாத்துவதா? நாலு பேர் என்னிடமிருந்தும் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று திறந்தபடியே லப்டொப்பைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே ஏற்றி வைத்தேன். பத்தொன்பது நாள் அது அங்கேயே திறந்து கிடந்தது. நான் நல்ல காரியம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சில மாதங்களில் கடிதம் வந்தது. கையெழுத்து வைத்து வாங்குகிற பதிவுத் தபால். மோப்பத்தார் அதை மணந்து பார்த்தார். இந்த முறை முகம் மாறியது.

ரஜீவன் வாசித்துச் சொன்னான். மிலானில் உள்ள ஒரு பாட்டுக் கம்பனியின் வக்கீல் எழுதியிருந்தார். இந்த இன்டர்நெட் தொடர்பிலிருந்து எங்களுக்குச் சொந்தமான பன்னிரண்டு பாட்டுகள் அனுமதியில்லாமல் ஊருக்குப் பங்கிடப்பட்டிருக்கின்றன, தொடர்பு உங்கள் பெயரில் இருக்கிறது, இத்தனை நாளுக்குள் பதில் தராவிட்டால் வழக்குப் போடுவோம். கீழே பாட்டுகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. பன்னிரண்டும் என் போனில் இருந்தவை.

அந்த நேரம் என் மனைவியை இங்கே கூப்பிடுகிற பத்திரம் பிரெஃபெத்தூரா என்கிற அரசாங்கக் கந்தோரில் இருந்தது. ஆறு வருடமாக அவளைப் போனில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு முத்திரை விழுந்தால் வந்துவிடுவாள். என் பெயரில் ஒரு வழக்கு வந்தால் அந்த முத்திரை விழுமா? கேட்கவே பயமாக இருந்தது.

மோப்பத்தார் மேசையைச் சுற்றி எங்களைப் பார்த்தார். "ஆர்?"

"அண்ணை, எல்லாரும் உந்த வைபையைத்தான் பாவிக்கிறம்" என்றான் ரஜீவன்.

"ஆர் எண்டு கேட்டனான்."

"இது கிழட்டு இத்தாலியன் பாட்டு அண்ணை. தமிழன் ஆர் கேப்பான்?"

"அதுதான் நானும் யோசிக்கிறன். இது எங்கடை ஆள் எண்டு தெரியக்கூடாது எண்டு வேணுமெண்டே இத்தாலியன் பாட்டு எடுத்திருக்கிறான். பெரிய மூளைக்காரன்."

என்னை யாரும் அதற்கு முன் மூளைக்காரன் என்று சொன்னதில்லை.

விசாரணை தொடங்கியது. முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் போனில் அந்த முதலாவது பாட்டைப் போட்டு மேசைக்கு அடியில் வைத்தார். பிறகு கரண்டி விழுந்ததுபோல் குனிந்தார். யாருடைய கால் தாளம் போடுகிறது என்று பார்க்கிறாராம். பழகினவன் கால் சும்மா இருக்காதாம். நான் இரண்டு காலையும் கதிரைக் காலோடு கொக்கிபோல் மாட்டிக்கொண்டு உயிரைப் பிடித்தபடி இருந்தேன். அவர் கீழே இருந்து மேலே வரவே இல்லை.

கடைசியில் ரஜீவனும் குனிந்து பார்த்தான். "அண்ணை, உங்கடை கால்தான் ஆடுது."

மோப்பத்தார் தன் காலையே கொஞ்ச நேரம் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சந்தேகம் கீழ் மாடிச் சிஞ்ஞோராவின் மேல் விழுந்தது. அந்த அம்மா எங்கள் வைபையை ஓட்டைவழியாக உறிஞ்சுகிறா என்றார். ஒருநாள் காலை வைபைப் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு, கத்துகிறாவோ என்று பல்கனியில் காதை நீட்டிக்கொண்டு நின்றார். அடுத்த நிமிடமே சிஞ்ஞோரா தெருவே அதிரக் கத்தினா.

"பிடிச்சிட்டன்!" என்று துள்ளினார் மோப்பத்தார்.

எட்டிப் பார்த்தோம். கயிற்றில் கட்டி இறக்கிய கூடைக்குள் வியாபாரி நேற்றைய மத்தியைப் போட்டுவிட்டானாம். அவனைத்தான் அவ கிழித்துக்கொண்டிருந்தா. அந்த அம்மா வீட்டில் கொம்பியூட்டரே இல்லை. அன்றிலிருந்து வைபைப் பெட்டியைச் சமையலுக்குப் பாவிக்கிற அலுமினியத் தாளில் சுற்றி வைத்தார் மோப்பத்தார். வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் வேலை செய்யவில்லை. அதிலும் அவருக்கு ஒரு நிம்மதி.

இதற்கிடையில் எனக்கு எதிரான சாட்சி ஒன்று தினமும் வளர்ந்துகொண்டிருந்தது. கடிதம் வந்த அன்றே பயத்தில் போனில் இருந்த பாட்டுகளை அழித்துவிட்டேன். பாட்டு இல்லை, ஆகவே சவரமும் இல்லை. கிழவரின் தாடி நெஞ்சை நோக்கி இறங்கியது. பின்னேரங்களில் சக்கர நாற்காலியில் வைத்து அவரைச் சந்தைப் பக்கம் தள்ளிக்கொண்டு வருவேன். மோப்பத்தார் எதிரே வந்தால் நின்று பார்ப்பார்.

"என்ன தம்பி, கிழவர் தாடி வளக்கிறார்?"

"ஓம் அண்ணை. ஆசைப்பட்டார்."

"பேர் மறந்த மனுசன் தாடிக்கு ஆசைப்பட்டாரோ?"

சொல்லிவிடத்தான் வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் தீர்மானித்தேன். கூச்சம் எனக்குத் தொண்டையில் இருக்கிற ஒரு பூட்டு. ஒருநாள் மோப்பத்தார் சமையலறையில் தனியே நின்றார். "அண்ணை" என்றேன். "என்ன?" என்றார். "உப்பு" என்றேன். போத்தலில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு உப்பைத் தந்தார். இன்னொரு நாள், "அண்ணை, மழை வரும்போலை கிடக்கு" என்றேன். அது ஆடி மாதம். கல் உருகுகிற வெயில்.

தவணை நெருங்கியபோது அவர் கோவிலடியில் இலவசமாக ஆலோசனை சொல்கிற ஒரு பெண் வக்கீலிடம் போகத் தீர்மானித்தார். துணைக்கு என்னைக் கூப்பிட்டார். "மற்றவங்கள் கதைப்பாங்கள். நீ கதைக்க மாட்டாய்."

மோப்பத்தார் முதலில் அந்த வக்கீலம்மாவின் அடையாள அட்டையைக் கேட்டார். அவ சிரித்துக்கொண்டே காட்டினா. அதை வாங்கி மணந்தார். அவவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அவ ஆறுதலாக, எங்களுக்கு விளங்குகிற இத்தாலியனில் சொன்னா. எடுத்துக் கேட்டதற்காக அவர்கள் இவ்வளவு துரத்துவதில்லை. மற்றவர்களுக்குக் கொடுத்ததுதான் அவர்களுக்குக் கோபம். அங்கேயே மிலானுக்குப் போன் எடுத்துக் கேட்டுவிட்டு மேலும் சொன்னா. 'செய்தது நான், இனிச் செய்யமாட்டேன்' என்று ஒருவர் கையெழுத்து வைத்தால் கோப்பை மூடுவார்கள். செய்தவர் வைக்கலாம். அல்லது தொடர்பின் சொந்தக்காரர் பொறுப்பெடுத்து வைக்கலாம். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொள்கிற காகிதம் இது. கையெழுத்து வைக்கிறவருக்குப் பத்திர வேலை ஏதாவது நடந்துகொண்டிருந்தால் தான் வைக்கச் சொல்லமாட்டாவாம்.

என் மனைவி ஒரு பெட்டியைக் கட்டிவிட்டு விமானத்துக்குக் காத்திருப்பதுபோலவும், யாரோ வந்து பெட்டியைத் திருப்பி அவிழ்ப்பதுபோலவும் இருந்தது.

வக்கீலம்மா காகிதத்தைப் புரட்டிவிட்டு ஒன்று சொன்னா. "விசித்திரமான ஆள். எல்லாரும் எடுத்த கையோடு மூடிவிட்டு ஓடுவார்கள். இந்த ஆள் பத்தொன்பது நாள் திறந்து வைத்துக் கொடுத்திருக்கிறார்."

மோப்பத்தாரின் மூக்கு ஒருமுறை அசைந்தது. அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

திரும்பிச் சந்தைக்குள்ளால் நடந்தோம். வியாபாரிகள் இரண்டு பக்கமும் பாட்டுப்போல் இழுத்துக் கூவிக்கொண்டிருந்தார்கள். ஒரு மீன் தட்டுக்கு முன்னால் நின்றார். மீனைப் பார்த்தபடியே கதைத்தார்.

"ஆறு கிண்ணம் குடுக்கிறன். அஞ்சு வெறுமையாத்தான் வரும்."

என் கால்கள் நின்றுவிட்டன. பூட்டு எப்படித் திறந்ததோ தெரியாது. "அண்ணை, அது..."

"பொத்து வாயை!"

மீன்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

"நீ சொன்னா எனக்குத் தெரிஞ்சுபோம். தெரிஞ்சா அந்த மனுசி கேக்கேக்கை நான் சொல்லவேணும். இப்ப எனக்குத் தெரியாது. சந்தேகம் மட்டும்தான். சந்தேகத்தை ஆரும் கடுதாசியிலை எழுதக் கேக்க மாட்டாங்கள்."

"உங்கடை கார்த்தாவும் வாற வருசம் மாத்தவேணும் எல்லோ அண்ணை" என்றேன். கார்த்தா என்பது இங்கே நெடுங்காலம் இருக்கத் தருகிற அட்டை. அதைத் தலையணை உறைக்குள் வைத்துத்தான் அவர் தூங்குவார்.

"வாற வருசம் எல்லோ. உன்ரை மனுசி இந்த வருசம் எல்லோ" என்றார். பிறகு மீன்காரனிடம் திரும்பி, மத்தி எப்போது பிடித்தது என்று சண்டை தொடங்கினார்.

உப்புப் போத்தலில் ஒரு மணி குறைந்தாலும் கண்டுபிடிக்க நினைக்கிற மனிதர், அன்றைக்குத் தெரிந்துகொள்ள மாட்டேன் என்று நின்றார்.

அடுத்த நாளே போய்க் கையெழுத்து வைத்தார். வைக்கும்முன் நாலு பக்கத்தையும் மூன்று தடவை வாசிக்கச் செய்தாராம். வீட்டுக்கு வந்து, "ஆர் எண்டு கண்டுபிடிக்கேல்லை. ஆனா உங்கள் ஆறு பேரிலையும் எனக்குச் சந்தேகம் சந்தேகம்தான்" என்று பொதுவாக அறிவித்தார். அன்று முதல் வீட்டில் புதுச் சட்டம். பாட்டு இல்லை. முணுமுணுப்பும் இல்லை. ரஜீவன் குளிக்கும்போது விசிலடித்தால் கதவில் தட்டுவார்.

"விசிலுமோ அண்ணை?"

"ஜன்னல் திறந்து கிடக்கு. கீழை போறவன் கேட்டா அது பங்கிடுறதுதானே? நான் கையெழுத்து வைச்சனான்."

ஒரு வாரம் கழித்து என் தலையணைக்கு அடியில் ஒரு சீடி இருந்தது. கடையில் வாங்கியது. அதே பாட்டுக்காரர். அதே பன்னிரண்டு பாட்டு. கடைப் பற்றுச்சீட்டை உறையோடு சேர்த்து நாலு மூலையிலும் ஸ்டேப்பிள் அடித்திருந்தது, யாராவது கேட்டால் காட்டுவதற்கு. சீடி போடுகிற பழைய பெட்டி ஒன்றும் கட்டிலுக்குக் கீழே இருந்தது. அதன் வயரில் அவர் கழுவுகிற படிகளின் சோப்பு வாசம் அடித்தது. நானும் மணந்து பார்க்கப் பழகியிருந்தேன்.

கிழவர் நாடியைத் தூக்கினார். மறுநாள் சந்தையில் மோப்பத்தார் எதிரே வந்தார். வழித்த கன்னத்தைப் பார்த்தார். "ம்" என்றார். போய்விட்டார்.

அந்த வருடம் முடிவதற்குள் என் மனைவி வந்தாள். நாங்கள் இரண்டு தெரு தள்ளி ஒரு அறை எடுத்தோம். அடுத்த வருடம் அவருக்குப் புதுக் கார்த்தா கிடைக்கும்வரை எனக்குச் சரியான தூக்கம் இல்லை. கிடைத்த அன்று அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இவ்வளவு சுகமாத் தந்திருக்கிறாங்கள். ஏதோ இருக்கு" என்றார்.

அன்று என் மனைவி இறால் குழம்பு வைத்து எங்கள் கிண்ணத்தில் ஊற்றித் தந்தாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். மூடியைத் திறந்து மூக்கை வைத்து இரண்டு தரம் மணந்தார். "ஆர் சமைச்சது?" என்றார். "மனுசி" என்றேன். "ஓ" என்று வாங்கி உள்ளே வைத்தார்.

மறுநாள் ரஜீவன் கிண்ணத்தைக் கொண்டுவந்து தந்தான். பாரமாக இருந்தது. மூடியைச் சுற்றி மூன்று சுற்று ஒட்டுநாடா. அதன்மேல் பேனையால் 'மண்டரின் தோடம்பழம் - 5' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்திருந்தது.

"ஏனப்பா எண்ணி எழுதியிருக்கிறார்?" என்றாள் மனைவி.

"ரஜீவன் வழியிலை ஒண்டு எடுத்துப்போடுவான் எண்டு" என்றேன்.

நாடாவைக் கிழித்து எண்ணிப் பார்த்தாள். பிறகு நான் எண்ணினேன். ஆறு இருந்தன. எண்ணுவதில் பிழை விடுகிற ஆள் அல்ல அவர்.